ஒரே தோட்டா, ஒரே வாய்ப்பு

1907இல் குமாவோன் மலைப் பகுதியில் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. செத்துக் கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரை பெயர்ந்து போயிருந்தது. என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று கார்பெட் எழுதினார். முதலில் சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவருடைய குறி தப்பியது சில அங்குலங்கள்தான். அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

வேட்டையில் துல்லியம் என்பது பந்தயக் கோப்பைக்கான சமாச்சாரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அமெரிக்காவில் அப்படியல்ல. இலையுதிர் காலம் வந்தால் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் மான் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். பெரும்பாலோர் கையில் நான்கைந்து தோட்டாக்கள் அடங்கும் ரைபிள். ஆனால் ஒரு சிறு கூட்டம் மட்டும் வேண்டுமென்றே ஒற்றைத் தோட்டா ரைபிளைத் தூக்கிக்கொண்டு போகிறது. 1872இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஃபர்குவர்சன் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழித்தோன்றல் இது. நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழாயின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டை சரிந்து இறங்கும். ஒரு தோட்டாவை விரலால் செருகி மூட வேண்டும். அவ்வளவுதான். முதல் குண்டு தவறினால் இரண்டாவதைப் போடுவதற்குள் மான் அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும்.

இத்தகைய ரைபிள்காரர்களில் பலர் கடைத் தோட்டாவை நம்புவதில்லை. வீட்டிலேயே தோட்டா தயாரிக்கிறார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எறியாமல் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அடியில் புதுக் கேப்பு, உள்ளே நிறுத்துப் போட்ட மருந்து, வாயில் குண்டு. தோட்டா தயார். மருந்தை நிறுக்கும் அளவு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். அதாவது சுமார் ஆறரை மில்லிகிராம். நம் ஊர்த் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

வேகம் அதிகமானால் துல்லியம் அதிகமாகும் என்பது புதியவர்களின் கணக்கு. அனுபவசாலிகள் தேடுவது வேகத்தை அல்ல, ஒரே மாதிரித்தன்மையை. சுடும்போது குழாய் தந்தியைப் போல அதிர்கிறது. ஒவ்வொரு குண்டும் அந்த அதிர்வின் அதே கட்டத்தில் வாயை விட்டு வெளியேற வேண்டும். எனவே கையேடு சொல்லும் மிகக் குறைந்த மருந்தளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறார்கள். கேப்பு அளவுக்கு மீறித் தட்டையானாலோ கூடு வெளிவர அடம்பிடித்தாலோ அது எச்சரிக்கை மணி. அதற்கு மேல் போனால் ரைபிளும் மிஞ்சாது, கண்ணும் மிஞ்சாது. வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூடேறிய மருந்து கூடுதல் அழுத்தம் தரும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனியாகத் தோட்டா செய்து அனுப்பியது இதனால்தான்.

ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு ஒரு சலுகை உண்டு. தோட்டாப் பெட்டி இல்லாததால், பெட்டியின் நீளத்துக்கு அடங்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. குண்டைச் சற்று வெளியே நீட்டிச் செருகி, குழாயின் சுருள் பள்ளங்களுக்கு அருகே கொண்டுபோகலாம். ஒரு தொல்லையும் உண்டு. கட்டை இரண்டு துண்டு. முன்கட்டை குழாயை அழுத்தும் விதம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். ஒரு ரைபிளுக்குப் பொருந்திய தோட்டா, அதே மாடலின் இன்னொரு ரைபிளில் சொதப்பலாம்.

இந்தப் பித்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டு ஊரில் டாக்டர் ஃபிராங்க்ளின் மான் என்பவர் இருந்தார். வைத்தியம் படித்தவர். சம்பாதித்ததோ கோழித் தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் இயந்திரத்தில். செலவழித்தது முழுக்க ஒரே கேள்விக்காக. ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே குறி. பிறகு ஏன் குண்டுகள் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன? கான்கிரீட் மேடை கட்டி, குழாயை அதில் பொருத்தி, பல பத்தாண்டுகள் சுட்டுப் பார்த்து 1909இல் புத்தகம் போட்டார். குற்றவாளி பெரும்பாலும் குண்டேதான் என்பது அவர் கண்டது. எடை நடுவில் இல்லாத குண்டு, அடிப்பாகம் சிதைந்த குண்டு. அவருக்கு முன்பே, 1901 மே 16 அன்று, கொலராடோவைச் சேர்ந்த சி.டபிள்யூ. ரோலண்ட், ஹாரி போப் செய்த குழாய் பொருத்திய ஒற்றைத் தோட்டா ரைபிளைத் தாங்கியில் வைத்து 200 கெஜத்தில் பத்து முறை சுட்டார். பத்துத் துளைகளும் 0.725 அங்குலத்துக்குள் அடங்கின.

பத்து முறை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய வழக்கம் மூன்று. 100 கெஜத்தில் மூன்று துளைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால், அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டுகிறார்கள். அடுத்த மூன்று பரவிப் போனால், 'காற்று அடித்தது' என்று அட்டையைக் கிழித்துப் போடுகிறார்கள். கணக்கோ தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. மூன்று குண்டுகளின் பரவல் சராசரியாக ஓர் அங்குலம் என்றால், அதே ரைபிளில் அதே தோட்டாவில் பத்துக் குண்டுகளின் பரவல் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டும். ரைபிள் மாறவில்லை, உண்மை கொஞ்சம் அதிகமாக வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, தராசும் அச்சும் எவ்வளவு நுட்பமானவை என்பதல்ல கேள்வி. தனக்குப் பிடிக்காத அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கும் நேர்மை இருக்கிறதா என்பதுதான். காட்டில் மூன்று குண்டுகளின் சராசரிக்கு அர்த்தமில்லை. அங்கே கணக்கில் வருவது ஒன்றுதான்: குளிர்ந்த குழாயிலிருந்து கிளம்பும் முதல் குண்டு. அதனால் நிதானமானவர்கள் வேறொரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டு. மறுநாள் அதே அட்டையில் இன்னொன்று. பத்து நாளில் பத்துத் துளைகள். மூன்று குண்டு அட்டையைவிட அது அநேகமாக அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு தூரம் வரை மானைச் சுடலாம், எந்தத் தூரத்தில் ரைபிளைத் தாழ்த்திக்கொண்டு அதைப் போகவிட வேண்டும் என்று சொல்லக்கூடிய அட்டை அது ஒன்றுதான்.