பொன்னும் ஒளியும்

இருட்டறையில் ரோச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்குகள் சிவந்து ஒளிரும். நீலமும் பச்சையும் குருதியில் அடங்கிவிட, செந்நிறமே ஊடறுத்து வெளிவருகின்றது. கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரோ இன்னுஞ் சற்று ஆழமாகச் செல்லும். இவ்வியல்பையே அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்து நயோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ற் ஆகிய அறிஞர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்விலே புற்றுநோய்க்கு எதிராகப் பயன்படுத்திக் காட்டினர்.

அவர்கள் கையாண்டது சிலிக்கா மணியின்மீது பொன் பூசிய நனோத் துகள். பின்னர் மனிதருக்குப் பயன்படுத்திய துகளின் விட்டம் ஏறத்தாழ 150 நனோமீற்றர். 6,000இற்கு மேல் வரிசையாக வைத்தாற்றான் ஒரு மில்லிமீற்றர் நிரம்பும். நாளத்தில் ஏற்றிய துகள்கள், புற்றுக்கட்டியின் செம்மையற்ற குருதிக் குழாய்களூடே கசிந்து அங்கே தங்குகின்றன. அளவான கதிர் தனியே உடலைச் சுடுவதில்லை. பொன்னும் தனியே கலங்களைக் கொல்வதில்லை. இரண்டுங் கூடுமிடத்தில் வெப்பம் எழ, அங்குள்ள கலங்கள் மடிகின்றன. பெட்டகத்திற் பூட்டி வைக்கும் பொன்னுக்கு இப்படியும் ஒரு தொழில்!

2019இல் வெளியான ஆய்வொன்றில், புரோஸ்ரேற் சுரப்பியிற் புற்றுநோயுற்ற 16 பேருள் 15 பேருக்கு இச்சிகிச்சை நிறைவேறியது. அவர்களது நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தது. அப்படியிருந்தும் ஒளியிழையைச் சுரப்பிக்குள்ளே செலுத்த வேண்டியிருந்தது.

"அம்மாவுக்கும் இது உதவுமா, சேர்?" என்று மாணவி ஒருத்தி நம்மைக் கேட்டாள். அன்னையின் நோயோ எலும்பிலும் ஈரலிலும் பரவிவிட்டது. பரவிய நோய்க்கு ஒளியை எங்கே பாய்ச்சுவது? அடுத்த கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாமென்றே நாம் கூறினோம்.