ஐந்தும் ஏழும்

மெய்ப்பொருள் நூல்களைப் பற்றி எழுதுவோர் கருத்தைப் போற்றிவிட்டு நடையை மறந்துவிடுகின்றனர் என்னும் குறை எனக்கு நெடுநாளாக உண்டு. போலந்து நாட்டு அறிஞர் லுத்தோஸ்லாவ்ஸ்கி, பிளேட்டோவின் உரையாடல்களில் நடைக்கூறுகளை எண்ணி, அவற்றின் முன்பின் வரிசையை நிறுவ முயன்று 1897இல் நூல் வெளியிட்டார். கிரேக்கத்துக்கு இயன்றது தமிழுக்கு இயலாதா என்று, ஸ்ரீ கெம்பாங்கானில் என் வீட்டு மேசைமேல் சிவஞானபோதத்தை விரித்து வைத்தேன்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய அந்நூல் 12 நூற்பா, 40 அடி. எண்ணுவதற்கு ஏற்ற அளவு. உயிர் உண்டு என நிறுவும் மூன்றாம் நூற்பாவை முதலில் எடுத்தேன். நான்கே அடி. அதில் காரணம் காட்டும் ‘இன்’ உருபு எத்தனை முறை வருகிறது? ஐந்து. சரிபார்த்தபோதுதான் தெரிந்தது: ‘அறிதலின்’ என்பது புணர்ச்சியில் ‘அறிதலிற்’ ஆகி என் கண்ணுக்குத் தப்பியிருந்தது, ‘தனுவினுள்’ என்பதிலுள்ள சாரியையை உருபென எண்ணியிருந்தேன். இரு பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன! நன்னூல் நடத்தும் ஆசிரியனுக்கு இது நாணத்தக்கதே. ஆயினும் விடை ஐந்துதானே என்று தேறி, ‘காரணங்கள் ஐந்து’ என அட்டவணையில் எழுதி, மாலை வகுப்பில் பெருமிதத்தோடு படித்தேன்.

மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, இந்நூற்பாவுக்கு அதிகரணம் ஏழு அல்லவா?”

ஏழுதான். ‘அறிதலின்’ என்னும் ஒரு சொல், ஐம்புலன் அறிதல், ஒடுக்கம் அறிதல் என இரண்டு காரணங்களுக்குப் பொதுவாய் நிற்கிறது. ஏழாவது காரணம் உருபே இன்றி, மாயையின் பொறியாகிய உடலைச் சொல்லும் இறுதியடியில் அடங்கிக் கிடக்கிறது. பென்சில் முனைக்கு அது எங்ஙனம் புலப்படும்?

வகுப்பில் சற்றுநேரம் பேச்சற்று நின்றேன். எனினும் எண்ணியது வீண் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உரையோடு பலமுறை படித்தும் யான் காணாத ஒன்றை எண்ணும்போதுதான் கண்டேன்: ‘ஆன்மா’ என்னும் சொல் நூற்பாவின் கடைசிச் சொல். காரணங்களெல்லாம் முன்னே அணிவகுக்க, நிறுவப்படும் பொருள் இறுதியில் வருகிறது. மேலும், ஏழு காரணங்களை ஐந்து உருபுகள் தாங்கும் அச்செறிவே மெய்கண்டாரின் நடை. அதனை அளக்க ஐந்தும் வேண்டும், ஏழும் வேண்டும்.

அன்றிரவே அட்டவணையில் இன்னொரு பத்தி கீறினேன். முதல் நூற்பாவின் தொடக்கத்திலுள்ள சுட்டுப்பெயர்கள் மூன்றையும், ஆய்வுக்கு வேண்டாத சிறுசொற்களென்று ஒதுக்கி வைத்திருந்தேன். உலகம் முழுவதையும் ஆணும் பெண்ணும் அஃறிணையுமாக வகுத்துச் சுட்டுவன அவை. அந்த ஒதுக்கலையும் அடித்துவிட்டேன்.