அகல முனை வயர்

தஞ்சாவூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள வசந்தி,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று நாத்தனார் மூன்று தடவை கேட்டுவிட்டாள். முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்; எங்காவது அவள் கண்ணில் பட்டால் கொஞ்சம் நொண்டி நட. சம்பந்தியம்மா முகத்தைத் தூக்கிக்கொண்ட கதையெல்லாம் நேரில். மறுநாள் ராத்திரி எங்கள் வீட்டில் நடந்த கூத்தை மட்டும் இப்போதே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பெண்ணும் மாப்பிள்ளையும் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏற வேண்டும். போட்டோக்காரர் சாயங்காலம்தான் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து, "காப்பி பண்ணிட்டுக் கொடுத்துடுங்கம்மா" என்று நீட்டினார். மொத்தம் 380 ஜிபி. மாப்பிள்ளை எடுத்துப் போகட்டும் என்று என்னுடைய பழைய 2 டிபி டிஸ்க்கைக் காலி செய்து கொடுத்தேன்.

நாத்தனார் பையன் எட்டு மணிக்கு உட்கார்ந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அவன் அம்மாவைக் கேட்டால் கம்ப்யூட்டரையே அவன்தான் கண்டுபிடித்தான் என்பாள். திரையில் "ஆறு மணி நேரம்" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் ஏழரை. பெண்ணின் மாமனார் எட்டிப் பார்த்து, "டிஸ்க் மலிவுபோல" என்றார். நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள் பார், எரித்துவிடுவதுபோல!

எனக்கு நாம் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்தது. போன் வேலை செய்யவில்லை என்றால் நாம் முதலில் கருவியையா கழற்றுவோம்? லைனைத்தானே பார்ப்போம். மேஜைக்கு அடியில் குனிந்தேன். இரண்டு டிஸ்க்கும் ஒரே பழைய ஹப்பில் தொங்குகின்றன! அது யூஎஸ்பி 2, 2000-ல் வந்த சரக்கு. 480 என்று பெருமையாகப் போட்டிருப்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்பி. அதிலும் கைக்கு வருவது நொடிக்கு 35, 40 எம்பிதான். படிப்பதும் எழுதுவதும் அந்த ஒரே குழாயில் என்றால் பாதிப் பாதி.

ஹப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, லேப்டாப்பின் இரண்டு நீல வாய்களில் நேராகச் செருகச் சொன்னேன். நீலம் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3. 2008-ல் வந்தது, 5 ஜிகாபிட். ஆனாலும் 35-ஐத் தாண்டவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். என் டிஸ்க்கின் வாய் அகலமானது, இரண்டு பகுதியாக இருக்கும் இல்லையா? அதன் வயரைக் காணோம் என்று, இந்தப் பிள்ளை பழைய போன் சார்ஜர் வயரைப் பெரிய பகுதியில் மட்டும் செருகியிருக்கிறான். செருகவும் முடிகிறது, வேலையும் செய்கிறது, அதுதான் வம்பு. வேகத்துக்கான கம்பிகள் பக்கத்துப் பகுதியில் சும்மா கிடக்க, டிஸ்க் யூஎஸ்பி 2 ஆகவே ஓடுகிறது. எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

பத்து மணிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் கையெல்லாம் சோப்பு நுரையோடு வந்து திறந்தார். உள்ளே மருமகள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல விஷயம்தான். அவரிடம் அகல முனை வயர் இருந்தது. மாட்டியதும் நூறு எம்பியைத் தாண்டியது. பெண்ணின் மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மௌஸ் துள்ள ஆரம்பித்தது. பையன் வைரஸ் என்று கத்தினான். யூஎஸ்பி 3 ஓடும்போது வயர்லெஸ் மௌஸ் பேசும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். இன்டெல்லே 2012-ல் எழுதிவைத்திருக்கிறது. மௌஸ் ரிசீவரை மறுபக்கத்தில் செருகினோம், அடங்கிவிட்டது.

150 ஜிபி ஏறியதும் வேகம் திடீரென்று இருபதுக்கு விழுந்தது. நாத்தனார் மறுபடியும் என்னைப் பார்த்தாள். இது டிஸ்க்கின் குணம், வயர்மேல் பழி போட முடியாது. என்னுடையதைப் போன்ற சில டிஸ்க்குகளில் தடங்களை நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிய எழுதுகிறார்கள். நடுவில் ஒரு ஓட்டை மாற்றவேண்டும் என்றால் மேலே படிந்ததையெல்லாம் எடுத்து மறுபடி அடுக்க வேண்டாமா? வருவதை முதலில் ஒரு ஓரமாக வேகவேகமாக வாங்கி வைக்கும். அந்த இடம் நிரம்பியதும் திணறும். அதற்கு வைத்தியம் காபிதான். இரண்டு டிகாஷன் இறக்கினேன்.

கடைசியில் ஆல்பத்துக்காகச் சின்னதாக்கிய 14,000 படங்கள். அளவு என்னவோ 4 ஜிபிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிவு போட வேண்டும், ஆன்டிவைரஸ் வேறு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கும். ஒரே ஜிப்பாகக் கட்டியிருந்தால் சட்டென்று போயிருக்கும். அந்த நேரத்தில் யாருக்குக் கட்டப் பொறுமை? மூன்று எம்பியில் ஊர்ந்து, 2:20-க்கு முடிந்தது. கார் வாசலில் நின்றது. மாப்பிள்ளை டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாமி, வயரு?" என்றார். எதிர்வீட்டுக்காரருடையதையே கொடுத்தனுப்பிவிட்டேன். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லியாகவில்லை.

அதுதான் கேட்கிறேன். போன கொலுவுக்கு வந்தபோது உன் பேரனுக்குக் கார்ட்டூன் வேண்டும் என்று இதே டிஸ்க்கை எடுத்துப் போனாய். டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினாய். வயர் எங்கேடி?

உன்,
லலிதா