பொன்பாடி 24, பொன்பாடி 27

திங்கள், இரவு

நூல் கடை அண்ணன் மத்தியானமே போன் போட்டார். "தம்பி, கணக்குல ஊர் தேடுற பெட்டியில பொதட்டூர்பேட்டைன்னு அடிச்சா பாக்கியே இல்லைன்னு காட்டுது. பாவு நூல் எடுத்துட்டுப் போன தறிக்காரங்க அத்தனை பேரும் கட்டி முடிச்சுட்டாங்களா என்ன?"

உட்கார்ந்து ஒவ்வொரு ஊராக அடித்துப் பார்த்தேன். நகரி வருகிறது. பள்ளிப்பட்டு, திருவாலங்காடு வருகின்றன. பொன்பாடி, சோளிங்கர், அரக்கோணம் வரவில்லை. முதலில் எல்லைக்கு அந்தப்பக்கம், இந்தப்பக்கம் என்று ஏதோ பிரிவு இருக்குமோ என்று சந்தேகம். (1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே சித்தூர் மாவட்டம்தான், இங்கே வியாபாரம் இன்னும் கோடு பார்ப்பதில்லை.) ஆனால் ஆந்திர நகரி வந்துவிட்டதே.

எர்ரரும் இல்லை. பிஎச்பி 8-லிருந்து பிடிஓ தானாகவே எக்செப்ஷன் எறிகிறது. அதற்கு முன் நாம் கேட்டால்தான் வாய் திறக்கும். இங்கே ஓடுவது 8. அப்படியானால் குவெரி ஓடியிருக்கிறது, கிடைத்த வரிசை பூஜ்யம்.

செவ்வாய்

குவெரி சின்னது. ஊர் = கேள்விக்குறி. எக்ஸிக்யூட்டில் பெயரைக் கொடுக்கிறோம். மைஎஸ்க்யூஎல்லுக்கு பிடிஓ வழக்கமாகச் செய்வது பாவனைதான்: கேள்விக்குறியைத் தானே நிரப்பி முழு வாக்கியமாக அனுப்பிவிடும். 'டீபக் டம்ப் பாராம்ஸ்' கொடுத்தால், 7.2-க்குப் பிறகு, அனுப்பிய அந்த வாக்கியமும் தெரியும். அதை அப்படியே எடுத்து பிஎச்பிமைஅட்மினில் ஒட்டினேன். அங்கேயும் பூஜ்யம்.

பாவனையை அணைத்தேன். சர்வரில் ஜெனரல் லாகைத் திறந்தேன். இப்போது ப்ரிப்பேர் ஒரு வரி, எக்ஸிக்யூட் ஒரு வரி. எக்ஸிக்யூட் வரியில் 'பொன்பாடி' என்று அழகாக உட்கார்ந்திருக்கிறது.

சென்னை நண்பன் யோசனை சொன்னான்: "ப்ரிப்பேரைத் தூக்கிடு, ஸ்டிரிங்கை ஒட்டி அனுப்பு." பெட்டியில் யார் என்ன அடிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அடித்தது குவெரியோடு கலந்து ஓடிவிடும் இந்த ஓட்டையைப் பற்றி ஜெஃப் ஃபாரிஸ்டல் 1998-லேயே 'ஃப்ராக்' இதழில் எழுதிவிட்டார். இன்னுமா? அதோடு, ஒட்டி அனுப்பினாலும் பூஜ்யம்தான் வரும் என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று.

புதன்

வராத ஊர்களைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். பொதட்டூர்பேட்டை, பொன்பாடி, சோளிங்கர், அரக்கோணம். பொ, சோ, கோ. வந்த ஊர்களில் இந்தக் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

எஸ்டிஆர்லென் போட்டேன். நான் அடித்த பொன்பாடி 24 பைட். டேபிளில் இருக்கும் பொன்பாடி 27.

அண்ணனின் பழைய கணக்கு பாமினி எழுத்துருவில் இருந்தது. அதில் 'பொ' மூன்று துண்டு: முன்னால் கொம்பு, நடுவில் ப, பின்னால் துணைக்கால். யூனிகோடுக்கு மாற்றிய கன்வெர்ட்டர் கொம்பை ப-வுக்குப் பின்னால் நகர்த்தியது, காலை அப்படியே விட்டது. தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் ஒகரக் குறி ஒரே குறியீடாக விழும். யூனிகோடு இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் இந்தப் பத்திக்கு வைத்த கொலேஷன் 'ஜெனரல் சிஐ'. அது குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும். ஒன்று எட்டுக் குறியீடு, மற்றது ஒன்பது. எப்படிப் பொருந்தும்? திரையில் பார்க்கிறவனுக்கு மட்டும் ஒன்றுபோலவே தெரிந்துகொண்டிருந்தது.

பேக்கப் எடுத்துவிட்டு, நார்மலைசரை சி வடிவில் ஓட்டி ஊர்ப் பத்தி முழுவதையும் திருத்தினேன். தேடல் பெட்டிக்கும் அதே நார்மலைசர். அடுத்து ஆள் பெயர்ப் பத்தி. கோபாலும் கோவிந்தம்மாளும் இல்லாத ஊரா இது? ஜெனரல் லாகை மறக்காமல் அணைத்தேன், இல்லாவிட்டால் டிஸ்க் நிறைந்துவிடும்.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கணக்கு வைத்திருப்பவர்கள், குவெரியில் கைவைக்கும் முன் ஓகாரமுள்ள ஒரு பெயரை எடுத்து நீளம் பாருங்கள். மூன்று பைட் கூடுதலாக இருந்தால் ப்ரிப்பேரின் மேல் பழி போடாதீர்கள்.