இலிஷா? இறாலா?

கல்கத்தாவில் (2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது. நமக்குத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது) மார்க்கெட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள், முதலில் பேப்பரில் ஸ்போர்ட்ஸ் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. முந்தின நாள் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்திருந்தால் இலிஷ் மீன் விலை எகிறியிருக்கும். மோகன் பகான் ஜெயித்திருந்தால் இறால் பக்கமே போக முடியாது. டிரா என்றால்? பேசாமல் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

இலிஷ் என்பது நம்ம ஊரில் உல்லம் என்பார்களே, அதுதான். முள் ஜாஸ்தி. கிழக்கு வங்காளத்துக்காரர்களுக்கு உயிர். இறால் மேற்கு வங்காளத்துப் பூர்வீகர்களின் பெருமை. முதல் கோஷ்டிக்கு 'பாங்கால்' என்று பெயர், அவர்கள் கிளப் ஈஸ்ட் பெங்கால், கலர் சிவப்பும் தங்கமும். இரண்டாவது கோஷ்டி 'கோட்டி', கிளப் மோகன் பகான், கலர் பச்சையும் மெரூனும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால் ஜாதகத்துக்கு முன்னால் இதை விசாரிக்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டாம். மாப்பிள்ளைப் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்பதெல்லாம் அப்புறம்!

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. இரண்டு டீமும் மோதுகிற மேட்சைப் பார்த்தே தீருவது என்று போயிருந்தேன். ஹோட்டலில் தங்கவிடாமல் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார் நண்பர். ஆபீஸ் பழக்கம். கோட்டி குடும்பம். அவருடைய அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அந்த ஊர் வழக்கப்படி 'மேஷோமஷாய்' என்று கூப்பிட்டேன். சித்தப்பா மாதிரி மரியாதை. மனுஷர் குளிர்ந்துபோனார்.

"மேட்சுக்கு நீங்களும் வர்றீங்களா மேஷோமஷாய்?" என்றேன்.

"நான் ஸ்டேடியத்துக்குப் போய் நாற்பத்துநாலு வருஷம் ஆச்சுப்பா. டி.வி. போதும்."

நாற்பத்துநாலை மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். 1980. அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கல்கத்தாவுக்கு ஃபுட்பால் பைத்தியம் பிடித்த தேதியை ஏறக்குறைய துல்லியமாகச் சொல்லலாம். 1911 ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சோல்ஜர்கள், பூட்ஸ் சகிதம். எதிரே மோகன் பகான், ஒரே ஒருத்தர் தவிர அத்தனை பேரும் வெறுங்கால். 2-1 என்று ஜெயித்தார்கள். மைதானத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற ஜனங்களுக்குப் பட்டம் பறக்கவிட்டு ஸ்கோர் தெரிவித்தார்களாம். ரேடியோகூட வராத காலத்து லைவ் டெலிகாஸ்ட்!

ஈஸ்ட் பெங்கால் 1920-இல் வந்தது. ஒரு ஆட்டக்காரரை டீமில் சேர்க்காமல் விட்ட மனஸ்தாபத்தில் பிறந்த கிளப். அதுபாட்டுக்கு அதுவும் ஒரு கிளப்பாக இருந்திருக்கும். 1947 வந்தது. பிரிவினை. கிழக்கே வீடு வாசல் எல்லாம் விட்டுவிட்டு ரயிலேறி சியால்டா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்கள் லட்சக்கணக்கில். பிளாட்பாரத்திலேயே மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியவர்கள் உண்டு. போன ஊரின் பெயரில் பாக்கி இருந்தது ஒரு ஃபுட்பால் கிளப் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பதினோரு பேர் ஜெயித்தால், அன்றைக்கு ராத்திரி மட்டும் அகதி இல்லை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே கல் எறிந்தவர்களை 'காலிகள்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் ஒன்றுமே புரியாது. கல் எறிந்ததை நியாயப்படுத்துவதாக நினைக்கவேண்டாம். அது வேறு.

மைதான் என்றால் நம்ம மெரீனா மாதிரி ஊருக்கு நடுவே ஒரு பெரிய வெட்டவெளி. நிலம் ராணுவத்தினுடையது. கிளப்புகளுக்கு அங்கே 'டென்ட்'தான். சுற்றி காலரி, குதிரைப் போலீஸ். பக்கத்திலேயே டல்ஹௌசி ஸ்கொயர், அத்தனை ஆபீஸும் அங்கேதான். சாயங்கால மேட்ச் என்றால் மத்தியானமே நாற்காலிகளில் கோட்டு மட்டும் உட்கார்ந்திருக்குமாம். எத்தனை தாய்மாமன்கள் எத்தனை தடவை செத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! டிக்கெட் கிடைக்காதவர்கள் அட்டைப்பெட்டியில் கண்ணாடித் துண்டு ஒட்டிப் பெரிஸ்கோப் செய்து, முன்னால் நிற்பவர் தலைக்கு மேலே ஆட்டம் பார்த்தார்கள்.

ரசிகர்கள்தான் ரௌடி, கிளப் நிர்வாகிகள் எல்லாம் பரமசாதுக்கள் என்று நினைத்தால் தப்பு. டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தால் ஸ்டார் ஆட்டக்காரர்களைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய், கையெழுத்துப் போடுகிற நாள்வரை எங்காவது ஒளித்துவைப்பார்கள். எதிர்க்கட்சி மோப்பம் பிடித்து வந்து அங்கிருந்து கடத்தும். நம்ம ஊர் எம்.எல்.ஏ.க்களை ரிசார்ட்டில் அடைக்கிற டெக்னிக்கை இவர்களிடம்தான் கற்றிருக்க வேண்டும். பீட்டர் தங்கராஜ் என்று ஒரு கோல்கீப்பர். தமிழ்ப் பெயர், ஹைதராபாத்தில் பிறந்தவர். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடிவிட்டு முழுசாக வந்தார். பெரிய சாதனை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எழுபதுகளில் காற்று மாறியது. வேலையில்லாத் திண்டாட்டம், நக்சலைட் காலம், தெருவுக்குத் தெரு போலீஸ். படித்துவிட்டுச் சும்மா இருந்த பையன்களுக்கு மலிவாகக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு காலரி டிக்கெட். உள்ளே இருக்கிற கோபத்தை எங்கே இறக்கிவைப்பது? 1975 ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல், மோகன் பகான் பூஜ்யம். அந்தத் துக்கம் தாங்காமல், அடுத்த ஜென்மத்தில் மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து இதற்குப் பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டு ஒரு இளைஞர் உயிரை விட்டார். ஐந்து கோலுக்கு ஒரு உயிர். இதை இன்றைக்கும் சிலர் வீரக்கதை மாதிரி சொல்கிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் 1980 ஆகஸ்ட் 16.

ஈடன் கார்டன்ஸ். ஆமாம், கிரிக்கெட் ஈடன் கார்டன்ஸ்தான். பெரிய மேட்சுகளை அப்போது அங்கே வைத்தார்கள். இரண்டு கிளப் ரசிகர்களும் ஒரே ஸ்டாண்டில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் திலீப் பாலித்துக்கும் மோகன் பகான் பிதேஷ் போஸுக்கும் உரசல். தள்ளுமுள்ளு. ஃபுட்பாலில் சாதாரணமாக நடக்கிற சமாசாரம். அது மேலே காலரிக்கு ஏறியது. கைகலப்பு, கல், ஓட்டம், நெரிசல். கீழே விழுந்தவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். பதினாறு பேர் செத்துப்போனார்கள். டிக்கெட் வாங்கி மேட்ச் பார்க்க வந்தவர்கள். பெரும்பாலும் இளவட்டம்.

ஐரோப்பாவையே உலுக்கிய பிரஸ்ஸல்ஸ் ஹெய்ஸல் ஸ்டேடியச் சம்பவம், 39 பேர் இறந்தது, நடந்தது 1985-இல். நமக்கு அதற்கு ஐந்து வருஷம் முன்பே பாடம் நடத்தியாகிவிட்டது. ஆனால் ஃபுட்பால் ரௌடித்தனம் என்றால் எல்லோரும் இங்கிலாந்தைத்தான் சொல்கிறோம்.

மேட்சுக்கு முதல்நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மேஷோமஷாய் தானாகவே ஆரம்பித்தார்.

"நானும் என் ஃபிரெண்டும் போனோம். அவன் பாங்கால். மேட்சுக்கு எப்பவும் சேர்ந்துதான் போவோம், அடிச்சுக்கிட்டேதான் திரும்புவோம். அன்னிக்குக் கூட்டத்துல கை விட்டுப்போச்சு. நான் ஒத்தைச் செருப்போட வீடு வந்து சேர்ந்தேன். அவன் வீட்டு வாசல்ல போய் உக்காந்துட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு வந்தான். சட்டை இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசிக்கல. அதுக்கப்புறம் போகத் தோணல."

"அவர் இப்ப?"

"அடுத்த தெருதான். நாளைக்கு இங்கதான் டி.வி. பார்க்க வருவான். இலிஷ் எடுத்துட்டு வருவான், என்னை வெறுப்பேத்த."

ஐ.எஃப்.ஏ. வருஷாவருஷம் ஆகஸ்ட் 16-ஐ ஃபுட்பால் ரசிகர்கள் தினமாக அனுசரிக்கிறது. அன்றைக்கு ரத்த தான முகாம். பச்சைச் சட்டைக்காரர் கொடுக்கிற ரத்தம் எந்தக் கலர் சட்டைக்காரர் உடம்பில் ஏறுகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சால்ட் லேக் ஸ்டேடியம் திறந்தது 1984-இல். பெரிய கிண்ணம். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கப் செமிஃபைனலுக்கு அங்கே வந்த கூட்டம் 1,31,781 பேர். மேட்சுக்கு முன்னால் மோகன் பகான் கோச் அமல் தத்தா வாய்க்கு வந்தபடி பேசினார். எதிரணி பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார், ஓமோலோ என்ற ஆட்டக்காரரை 'ஆம்லெட்' என்றார். சுங் சுங் மூன்று கோல் போட்டு, ஈஸ்ட் பெங்கால் 4-1. ஆம்லெட்டை யார் சாப்பிட்டார்கள் என்று ஊருக்கே தெரிந்தது.

ஸ்டேடியம் மாறினால் ஆட்கள் மாறிவிடுவார்களா? 2012 டிசம்பர் 9, இதே சால்ட் லேக். மோகன் பகானின் ஒடாஃபாவுக்கு ரெட் கார்டு. காலரியிலிருந்து வந்த கல் ரஹீம் நபி முகத்தில். அவரும் மோகன் பகான் ஆட்டக்காரர்தான். டீம் இரண்டாவது பாதி ஆட வரவில்லை. கிளப்புக்கு முதலில் தடை, அப்புறம் தடை நீங்கி இரண்டு கோடி ரூபாய் அபராதம். ஒரு கல்லுக்கு இந்தியாவில் இதுவரை கொடுத்த அதிகபட்ச விலை இதுவாகத்தான் இருக்கும்!

ஆனால் ஏதோ மாறத்தான் செய்திருக்கிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சியால்டாவிலிருந்து மெட்ரோவில் ஏறினால் சால்ட் லேக் ஸ்டேடியம் பெயரிலேயே ஸ்டேஷன். தாத்தா அகதியாக வந்து இறங்கிய இடத்தில் பேரன் சிவப்பு-தங்க ஜெர்சியோடு ஏறுகிறான். இரண்டு கட்சிக்கும் தனித்தனி கேட், தனித்தனி காலரி. வாட்டர் பாட்டில் நோ. பெல்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். ஏராளமான பெண்கள், குழந்தைகள். கெட்ட வார்த்தைக்கு மட்டும் பஞ்சமில்லை. பெங்காலியில் எதைச் சொன்னாலும் ரசகுல்லா மாதிரி இருப்பதால் எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

கல் எறிந்த கை இப்போது துணி தைக்கிறது. 'டிஃபோ' என்கிறார்கள். காலரி அகலத்துக்கு ராட்சசப் பேனர். பையன்கள் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, ராத்திரி கண்விழித்து பெயின்ட் அடித்து, ஆட்டம் ஆரம்பிக்கும்போது சரசரவென்று விரிக்கிறார்கள். எதிர்க்கட்சியைச் சீண்டுகிற வேலை முழுக்க இதில்தான். பாங்கால்களை 'முள்கம்பி' என்று கேலி செய்வார்கள், எல்லை வேலியைத் தாண்டி வந்தவர்களாம். 2020 ஜனவரி 19 மேட்சில், நாடு முழுக்கக் குடியுரிமைப் பேச்சு சூடாக இருந்தபோது, ஈஸ்ட் பெங்கால் காலரியில் ஒரு பேனர் விரிந்தது. இந்த மண்ணைக் காகிதம் காட்டி வாங்கவில்லை, ரத்தம் கொடுத்து வாங்கினோம் என்கிற அர்த்தத்தில். அன்றைக்கு அவர்கள் 2-1 என்று தோற்றார்கள். பேனர்தான் ஞாபகம் இருக்கிறது.

கோட்டிகளும் சும்மா இல்லை. 2020-இல் கிளப் ஏ.டி.கே.வோடு இணைந்து பெயர் 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. அந்த மூன்று எழுத்தை எடு என்று ரசிகர்கள் விடாமல் நச்சரித்தார்கள். 2023-இல் எடுத்தே விட்டார்கள். ஒரு பஸ் எரியாமல் முதலாளி மனசை மாற்றியிருக்கிறார்கள். யூனியன்காரர்கள் கவனிக்கவும்.

இதற்கெல்லாம் சிகரம் 2024 ஆகஸ்ட் 18. ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர் ஆகஸ்ட் 9-ஆம் தேதி பலாத்காரம் செய்யப்பட்டுக் கொலையான கொடுமையில் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ட்யூராண்ட் கப்பில் இந்த இரண்டு டீமுக்கும் மேட்ச். பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். மேட்ச் இல்லாவிட்டால் என்ன? ரசிகர்கள் அதே நேரத்துக்கு அதே ஸ்டேடிய வாசலுக்கு வந்தார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன், மூன்று கொடியும் சேர்ந்து, அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டு. மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் வந்து நின்றார். போலீஸ் தடியடி நடத்தியது. எதிர்க்கட்சிக்காரனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கோஷம் போட்ட போட்டோவை நீங்களும் பார்த்திருக்கலாம். நண்பரும் போயிருந்தார். முழங்காலில் தழும்பு காட்டினார்.

"அப்பா என்ன சொன்னார்?"

"முதல்ல திட்டினார். அப்புறம், கூட யார் இருந்தான்னு கேட்டார். அடுத்த தெரு அங்கிள் பையன்னு சொன்னேன். சரின்னு போயிட்டார்."

உடனே எல்லோரும் சாமியாராகிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். 2025 டிசம்பர் 13-ஆம் தேதி மெஸ்ஸி இதே ஸ்டேடியத்துக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மெஸ்ஸியைச் சுற்றி நின்ற வி.ஐ.பி.க்களின் முதுகு. அவர் சீக்கிரமே கிளம்பிவிட, பாட்டில் பறந்தது, நாற்காலி பறந்தது, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. அன்றைக்குக் கோட்டியும் இல்லை, பாங்காலும் இல்லை. ஏமாந்தவன் ஒரே கட்சி.

நான் போன மேட்ச்? மோகன் பகான் 2-0. மெக்லாரன் ஒன்று, கடைசியில் பெட்ராடோஸ் பெனால்டி. ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த சீசனில் அதுவரை ஆடிய நாலு மேட்சிலும் தோல்வி, இது ஐந்தாவது. என் பின்னாலிருந்து யாரோ கசக்கிய பேப்பர் உருண்டை ஒன்றை எறிந்தார். என் தலையில்தான் விழுந்தது. வன்முறை அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் தனித்தனி கேட் எல்லாம் தீர்ந்துபோகிறது. ரோடு ஒன்று, பஸ் ஒன்று. சியால்டா பஸ்ஸில் ஜெயித்தவன் ஜன்னல் வழியாகக் கொடி ஆட்டினான், தோற்றவன் செல்ஃபோனில் பாயின்ட் டேபிளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தான், மாறிவிடுமோ என்கிற மாதிரி. சியால்டா வந்ததும் இரண்டு கலரும் தபதபவென்று குதித்து, பொங்கான் லோக்கலைப் பிடிக்க ஒரே ஓட்டமாக ஓடின. நாங்கள் வீடு திரும்பியபோது மேஷோமஷாயும் அடுத்த தெரு நண்பரும் இலிஷ் முள்ளைக் குவித்துவைத்துக்கொண்டு, அந்தப் பெனால்டி கொடுத்தது சரியா தப்பா என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.