ஆயா கடைச் சோறு

நம் கல்லூரி மலரில் எழுதப் புகும் மாணவர் பலர், கோடைமலைக்கோ குற்றாலத்துக்கோ சென்று மீண்ட கதையை எழுதுவது வழக்கம். எமக்கு அத்தகைய பேறு வாய்த்திலது. யாம் பிறந்து வளர்ந்தது இராயபுரம். யாம் கண்ட தேயமெல்லாம் அவ்விடந் தொட்டுத் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலையொட்டிக் கிடக்கும் சாலையே. ஆயினும் அச்சாலையோரத்துச் சோற்றுக்கடையொன்றில் யாம் உண்ட சோற்றைப்பற்றிச் சொன்னால், மலை கண்டு வந்த நண்பரும் சற்றே செவிசாய்ப்பர் என்று துணிந்து எழுதுகின்றோம்.

எம் தந்தையார் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். வாயிலில் இடங்கிடையாமல் வண்டிகள் நெடுந்தூரம் வரிசையாய் நிற்கும் நாட்களில் அவர் வீட்டுக்கு வந்து உண்ண இயலாது. பள்ளி விடுமுறையில் எம்மையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். அங்ஙனம் சென்றபோதுதான் ஆயா கடை எமக்குப் பழக்கமாயிற்று.

1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதற் பயணியர் புகைவண்டி புறப்பட்ட இராயபுர நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில், ஒரு சந்தின் முனையில் இருந்தது அக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தகரச் சார்ப்பு. சுவரோரம் மார்பளவு உயரத்தில் அறைந்த நீண்ட பலகை. வெளியே இரண்டு பெஞ்சிகள். பகல் 12 மணிக்குச் சோறு இறங்கும். 3 மணிக்குள் குண்டான் கவிழ்ந்துவிடும். இடைப்பட்ட பொழுதில் மூட்டை தூக்குவோரும், லாரிக்காரரும், மீன் ஏலம் முடித்து வருவோரும், வெள்ளைச் சட்டையணிந்த குமாஸ்தா ஒருவரும் அப்பலகையின்முன் தோளோடு தோள் உரச நின்று உண்பர். ஒருவரையொருவர் ஊரும் பேரும் வினவியதை யாம் கண்டதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் மட்டும் அனைவரும் ஒருமித்துப் பேசுவர்.

குழம்புக்குரிய மீனை விடியுமுன் காசிமேட்டில் ஆயாவே பார்த்து வாங்குவாள். ஒருநாள் நெத்திலி, ஒருநாள் சங்கரா, மலிந்த நாளில் கானாங்கெளுத்தி. ஏப்பிரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலத்தில் கருவாடும் கத்தரிக்காயும். உண்மை சொல்லின், எமக்கு அக்கருவாட்டுக் குழம்பே மிக உவப்பானது. தடைக்காலம் நீளாதா என்றுகூட நினைத்ததுண்டு. மீனவர் மன்னிப்பாராக.

“இன்னா கண்ணு, இன்னும் கொஞ்சம் போடவா?” என்பாள். விடைக்குக் காத்திராமல் அகப்பை சாயும். வகுப்பில் ‘இன்னா நாற்பது’ பாடங்கேட்டபோது, துன்பந் தருவதெல்லாம் இன்னா என்று ஆசிரியர் பொருளுரைக்க, எமக்கோ ஆயாவின் அகப்பை கண்முன் தோன்றிச் சிரிப்பு வந்தது. காரணங் கேட்ட ஆசிரியருக்கு யாம் விடை கூறவில்லை.

சம்பள நாளிரவில் தந்தையார் எம்மைக் கடற்கரை நிலையத்துப் பக்கம் அத்தோக் கடைக்கும் அழைத்துச் செல்வார். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின், கடையும் தொழிலும் இழந்து கப்பலேறி வந்த தமிழர் கொணர்ந்த பண்டம் அது. கோதுமை இழைகளோடு முட்டைக்கோசு, வெங்காயம், வறுத்த பூண்டு, புளிநீர் யாவும் சேர்த்துக் கையாற் பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டிட்ட சூப்பு. அஃது எமக்குத் திருவிழா. ஆயா கடையோ அன்றாட வாழ்வு.

அக்கடை தேய்ந்த வரலாறு துறைமுகத்தின் வரலாறேயாகும். 1983-இல் இங்குக் கன்டெய்னர் முனையம் திறந்தபின், நூறு பேர் சுமந்ததைப் பாரந்தூக்கி ஒன்று சுமந்தது. 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையால் நிலக்கரியும் இரும்புத்தாதும் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறின. கரி படிந்த முகத்தோடு வந்து உண்போர் அருகினர். 2013-இல் அம்மா உணவகங்கள் தோன்றி, 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் கிடைத்தபோது, “இந்த வெலைக்குப் போட்டா நான் எங்க போறது?” என்று ஆயா வைதாளாம். ஆயினும் காலையில் 1 ரூபாய் இட்டிலி தின்ன அவளும் அவ்வரிசையில் நின்றதைத் தந்தையார் கண்டு சிரித்ததுண்டு.

இனி, சொல்லக் கூசுவதைச் சொல்ல வேண்டும். யாம் இக்கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில் வகுப்புத் தோழர் நால்வர் காசிமேட்டுத் துறை காண விழைந்தனர். அழைத்துச் சென்றோம். திரும்புகையில் அச்சந்தின் வழியே வர நேர்ந்தது. ஆயா கடைவாயிலில் நின்று, “கண்ணு, சாப்டியா? வா, வா!” என்று உரக்க அழைத்தாள். அவள் சேலையில் மீன் நீர் தெறித்திருந்தது. தோழருள் ஒருவர், “யாரது?” என்றார். “யாரோ, தெரியாது” என்று கூறி நடையை விரைவுபடுத்தினோம். எம்மூர் இராயப்பர் பெயரைத் தாங்கிய ஊர், இராயப்பராவார் பேதுருவே. அவர் முற்றத்தில் நின்று மறுதலித்தது எத்தகைய கேள்விக்கு என்பது அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தபோதுதான் எமக்கு நினைவுவந்தது.

மறுவாரமே செல்ல எண்ணினோம். தேர்வு வந்தது, பின் வேறொன்று வந்தது. சென்றபோது சார்ப்பு பிரிக்கப்பட்டிருந்தது. பலகை இருந்த சுவரில் ஆணித் துளைகள் மட்டும் வரிசையாய்த் தெரிந்தன. எதிர்த் தேநீர்க்கடைக்காரர், எர்ணாவூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்.

பேருந்தேறிச் சென்று, தெருத்தெருவாய் வினவிக் கண்டுபிடித்தோம். ஆயா இளைத்திருந்தாள். மன்னிப்பு வேண்டுவதற்கு வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு சென்றிருந்தோம். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்குச் சொற்பஞ்சமா? ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. தட்டில் சோற்றையிட்டுக் குழம்பை ஊற்றினாள். யாம் தலைகவிழ்ந்து உண்டோம். பாதியில் அவளே, “அன்னிக்கு உங்கூட வந்துச்சே புள்ளைங்க, அதுங்களையும் இட்டாந்திருக்கலாமில்ல?” என்றாள்.

அழைத்து வருவதாகச் சொன்னோம். இன்னும் அழைத்துச் சென்றிலோம். அந்நால்வரும் இம்மலரைப் படிப்பர். எர்ணாவூருக்கு ஞாயிறு பகலில் புறப்பட எமக்கு இசைவே.