ஒருவர் மட்டும் நிற்கும் அடுக்களை

இப்போது குடியிருக்கும் வீட்டை முதன்முதலாகப் பார்க்கச் சென்றபோது அடுக்களைதான் நம்மைக் கவர்ந்தது. மேடை, அலமாரி, இழுப்பறை யாவும் கைக்கெட்டும் தொலைவில். ஆனால் மனைவியார் உள்ளே வந்ததும் நாம் வெளியேற வேண்டியதாயிற்று. இருவர் நிற்க இடமில்லை. இவ்வமைப்பின் மூலத்தைத் தேடினால் 1926ஆம் ஆண்டின் பிராங்க்பர்ட் நகருக்குப் போய்ச் சேர்கிறோம்.

முதல் உலகப்போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் தவித்த அந்த ஜெர்மானிய நகரில், எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்கான சமையலறையை வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி. தொழிற்சாலைக்கென டெய்லர் வகுத்த நேரக் கணக்கை இல்லத்துக்குள் கொண்டுவந்த அமெரிக்கப் பெண்மணி கிறிஸ்டின் பிரெடரிக்கின் நூல் அவருக்கு வழிகாட்டியது. ரயிலின் உணவுப்பெட்டியிலிருந்த குறுகிய சமையலறை முன்மாதிரியாயிற்று.

அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அதற்குள் அரிசிக்கும் சர்க்கரைக்கும் மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள், புழு அண்டாதிருக்க மாவுக்கு ஓக் மரப்பெட்டி, சுவரோடு மடியும் இஸ்திரிப் பலகை, உட்கார்ந்து காய் நறுக்கச் சுழல் முக்காலி, கூரைத் தடத்தில் நகரும் விளக்கு. ஈ மொய்க்காது என்று நம்பி நீலப்பச்சை வண்ணம் பூசினார்கள். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைந்தது. இத்தனையும் எண்ணிச் செய்தவர், அதுவரை தாம் சமைத்ததோ இல்லம் நடத்தியதோ இல்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்!

பெண்ணை அறைக்குள் தனிமைப்படுத்திய அமைப்பு என்று 1970களில் பெண்ணியர் இதனைச் சாடினர். அச்சாடலை நாம் தள்ளிவிட இயலாது. எனினும், அடுக்களையில் நடக்கும் அடிகளும் எண்ணத்தக்க உழைப்பே என்று கருதியவர் அவர். அவ்வடிகளை வேறொருவரும் நடக்கலாமே என்பதற்குத்தான் அந்த அறையில் இடமில்லாது போயிற்று. நாஜி எதிர்ப்பில் ஈடுபட்டு 1941இல் கைதாகி, 1945இல் விடுதலையாகி, 2000ஆம் ஆண்டுவரை வாழ்ந்த அப்பெருமாட்டியை உலகம் அந்தச் சமையலறைக்காக மட்டுமே நினைவுகூர்வது அவருக்கே எரிச்சலாக இருந்ததாம்.

இருவர் நிற்க இடமில்லை என்பதையே சாக்காக்கி, நாமும் பல்லாண்டுகள் செய்தித்தாளோடு கூடத்தில் அமர்ந்திருந்தோம். சென்ற மாதம் மனைவியார் காய்ச்சலில் படுத்தபோது ரசம் வைக்க உள்ளே போனோம். யாவும் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தன. எது எங்கே என்று கேட்க நான்கு முறை படுக்கையறைக்கு நடந்தோம்.